சுண்ணாம்பு அடித்த சமையல்கட்டு

அந்த அதிகாரியை வீட்டுக்கு வரவழைப்பதற்குள் என் செருப்பே தேய்ந்துவிட்டது. எண்பதுகளில் புகையில்லா அடுப்பு கட்ட அரசாங்கத்தில் மானியம் கொடுத்தார்கள். ஆனால், அதிகாரி சமையல்கட்டை நேரில் வந்து பார்த்த பிறகுதான் கொடுப்பார்கள்.

ரெட்டியார்பாளையத்தில் எங்கள் வீட்டுச் சமையல்கட்டுக்குள் அவரோடு நுழைந்த எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. கரி பிடித்துக் கிடந்த சுவரெல்லாம் வெள்ளைவெளேர் என்று மின்னியது!

“இங்க புகையே இல்லபோல. உங்களுக்கு எதுக்குங்க புது அடுப்பு?” என்றார் அதிகாரி.

“யாருடி உன்னை சுண்ணாம்பு அடிக்கச் சொன்னது?” என்று மனைவியிடம் எகிறினேன்.

“பெரிய மனுஷங்க வர்றப்ப கரியையா காட்டுவாங்க? சார், ஒரு வாய் காபி குடிச்சிட்டுப் போங்க” என்றவள், அடுப்பைப் பற்றவைத்தாள்.

சவுக்கு விறகு குபுகுபுவென்று புகைந்தது. அதிகாரி இருமிக்கொண்டே தெருவுக்கு ஓடினார். கண்ணைக் கசக்கியபடி நானும் பின்னாலேயே ஓடினேன்.

“உங்களுக்குக் கண்டிப்பா அடுப்பு உண்டுங்க” என்றார், மூச்சு வாங்க.

கெட்டிக்காரி, வேண்டுமென்றே புகையைக் கிளப்பிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் இரண்டு டம்ளர் காபியோடு வெளியே வந்தாள். “ஏங்க, ரெண்டு பேரும் தெருவுல வந்து நிக்கிறீங்க?” என்று நிஜமாகவே புரியாமல் கேட்டாள்.

அடுப்பு எரியும்போது அதுவரை ஒரு நாள்கூட நான் அந்த அறைக்குள் நின்றதில்லை.