ஆவாரையில் புழு

கடலோரம் எங்கள் வீட்டு மணலில் எந்தச் செடியும் நிலைக்கவில்லை. செய்யூர் சாலையோரம் எடுத்துவந்த ஆவாரை விதை மட்டும் முளைத்து, தண்ணீர் ஊற்றாமலே இடுப்பளவு வளர்ந்தது. முதல் மொட்டு விட்ட வாரம் இலையெல்லாம் பச்சைப் புழு.

கணவர் பூச்சிமருந்தோடு வந்தார். "அடிச்சிடட்டுமா?"

"வேணாங்க, பட்டாம்பூச்சியாகப் போற புழு."

"செடி செத்துட்டா?"

மருந்தை அவர் கையிலிருந்து வாங்கி உள்ளே வைத்துவிட்டேன். ஆபீஸில் வேலை ஓடவில்லை. சில நாளில் மொட்டும் போய் வெறும் குச்சிதான் நின்றது. அவரைத் தடுத்தது தப்போ என்று தோன்றியது. நகத்தால் பட்டையைக் கீறிப் பார்த்தேன். உள்ளே பச்சை இருந்தது; செடி சாகவில்லை. அப்போதும் மனசு ஆறவில்லை.

ஒருநாள் காலையில் அவர்தான் கூப்பிட்டார். "இங்க வா, துளிர் விட்டிருக்கு!"

ஓடிப்போய்க் குனிந்தேன். துளிர்களுக்கு அடியில் பட்டாம்பூச்சி முட்டை இருக்கிறதா என்றுதான் முதலில் தேடினேன்.