செத்த தண்ணீர் ஊரும் ஒரு வெள்ளைச் சட்டையும்

வெள்ளிக்கிழமை காலை ஏழு பத்துக்கு பால்கனிக் கதவைத் திறந்தேன். முதலில் கண்ணில் பட்டது ஒரு வெள்ளைச் சட்டை. எதிரே இருக்கும் தொழிலாளர் கேம்ப்பின் வாசலில், யாரோ புண்ணியத்துக்கு வைத்துக்கொடுத்த குடிநீர்க் கூலரின் முன்னால் ஒருவர் குனிந்து நின்று, அந்தச் சட்டையின் காலரைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். கூலரின் தட்டிலிருந்து நுரை வழிந்து நடைபாதைக் கல்லில் ஓடியது.

ஷார்ஜா முவைலாவில் எங்கள் கட்டடத்துக்கும் அந்த கேம்ப்புக்கும் நடுவே ஒரு ரோடும் ஒரு மண் பார்க்கிங்கும்தான். நான் இருப்பது நான்காவது மாடி. சட்டை துவைத்தவரை எனக்குத் தெரியும். ராமநாதபுரம் பக்கத்து மேசன். நான் வேலை பார்க்கும் டிராவல்ஸில்தான் லீவுக்கு டிக்கெட் போட்டிருந்தார். அன்று சாயங்காலம் திருச்சி விமானம். ஊரில் புது வீடு கட்டி முடித்து ஞாயிற்றுக்கிழமை காலை பால் காய்ச்ச நாள் குறித்திருந்தார்கள். மூன்று வருடமாக அவர் ஊருக்குப் போகவில்லை. அஸ்திவாரத்திலிருந்து மொட்டைமாடி வரை அந்த வீட்டை அவர் போனில்தான் பார்த்திருக்கிறார். எனக்கும் காட்டியிருக்கிறார். அவரை ஏர்போர்ட்டில் இறக்கிவிடுவதாகச் சொல்லியிருந்தேன்.

கேம்ப்பில் முந்தின நாளே தொட்டி காலி. தண்ணீர் லாரி வரவில்லை. ஊருக்குப் போகிறவன் துவைத்துத் தேய்த்த சட்டையில்தான் விமானம் ஏற வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம். சிமெண்ட் வாசனையோடு யாரும் ஊரில் இறங்குவதில்லை.

அதற்குள் நான் உள்ளே வந்து லேப்டாப்பைத் திறந்துவிட்டேன். கோடை விடுமுறைக்கான தென் பிரான்ஸ் சுற்றுலாக் கையேடு பாதியில் நின்றது. மதுரையில் ஒரு நாளிதழின் செய்தி மேசையில் பல வருடம் இருந்தவன் என்பதால் இங்கே கையேடு எழுதும் வேலை எனக்கு. முதலாளி காயல்பட்டினத்துக்காரர். அவர் ஊர் வழக்கில் அண்ணனைக் காக்கா என்பார்கள். ஆபீசில் எல்லோருக்கும் அவர் காக்கா.

முந்தின கோடையில் ஒரு குழுவுடன் என்னையும் அனுப்பியிருந்தார். எல்லாம் சென்னை, கோயம்புத்தூர் குடும்பங்கள். பொறியாளர்கள், கணக்காளர்கள், இங்கிலீஷ் மட்டும் பேசும் பிள்ளைகள். ஆர்ல் நகரத்து ரோமானிய வட்டரங்கின் கல் படிகளில் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டோம். கீழே மண்ணில் ஆட்களை வெட்டிக்கொள்ள விட்டு மேலே இருபதாயிரம் பேர் பார்த்த இடம் என்று கைடு சொன்னாள். இப்போது அங்கே காளை விடுகிறார்கள். கொம்பில் கட்டிய குஞ்சத்தை வெள்ளை உடைக்காரர்கள் பறித்துக்கொண்டு ஓடுகிறார்கள். எங்கள் குழுவில் ஒருவர் திமிலைப் பிடிக்கவில்லையே என்று குறைப்பட்டார். பெஸியே என்ற ஊரில் ஒரு தேவாலயம். எண்ணூறு வருடத்துக்கு முன்னால், மதத்தின் பேரால் வந்த படைக்குப் பயந்து அதற்குள் ஓடி ஒளிந்தவர்களை, பெண், குழந்தை என்று பார்க்காமல் உள்ளேயே வெட்டினார்கள். வாசலில் ஃப்ரிட்ஜில் ஒட்டும் காந்தம் விற்றார்கள். வாங்கினோம்.

எல்லோருக்கும் பிடித்தது ஏக்-மோர்த். பெயருக்கு அர்த்தம் செத்த தண்ணீர். சதுப்பு நிலத்தின் நடுவே நான்கு பக்கமும் மதில் வைத்த சின்ன ஊர். மதிலுக்கு வெளியே உப்பளம். கோடையில் பாத்தித் தண்ணீர் ரோஜா நிறத்துக்கு மாறிவிடும். ஒரு குட்டி ரயிலில் ஏற்றிச் சுற்றிக் காட்டுகிறார்கள். தூரத்தில் பூநாரைகள் நிற்கும். மதிலில் ஒரு கோபுரம் உண்டு. உள்நாட்டுச் சண்டையில் தோற்ற படையாட்களைக் கொன்று அதற்குள் குவித்து, நாற்றம் வராமலிருக்க உப்பைக் கொட்டி வைத்தார்கள் என்பது ஊர்க்கதை. இன்னொரு கோபுரத்தில் மதம் மாற மறுத்த பெண்களை ஆயுள் முழுக்க அடைத்து வைத்தார்கள். ‘எதிர்த்து நில்’ என்று ஒருத்தி கல்லில் கீறிய சொல்லைக் கண்ணாடி போட்டுக் காக்கிறார்கள்.

1893 ஆகஸ்டில் நடந்ததற்கு எங்கள் கைடு அரை நிமிடம்தான் ஒதுக்கினாள். உப்பு வாரும் பருவத்துக்குக் கூலியாட்கள் வந்திருந்தார்கள். பாதிப் பேர் இத்தாலிக்காரர்கள், மீதி உள்நாட்டுக்காரர்கள். உப்பேறிய கால்சட்டையை ஒரு இத்தாலிக்காரன் குடிதண்ணீர்த் தொட்டியில் அலசினான். அடிதடி. உள்நாட்டுக்காரர்களைக் கொன்றுவிட்டார்கள் என்று மதிலுக்குள் வதந்தி ஓடியது. யாரும் செத்திருக்கவில்லை. மறுநாள் தடி, மண்வெட்டியோடு ஊர் திரண்டது. குடிசைக்குள் பதுங்கிய இத்தாலிக்காரர்களை, கூரை ஓட்டைப் பிய்த்து அந்த ஓட்டாலேயே அடித்தார்கள். குதிரைப் போலீஸ் அவர்களை நடுவில் விட்டு ஊருக்கு நடத்தி வந்தபோது, வழியெல்லாம் விழுந்தவர்களை விழுந்த இடத்திலேயே அடித்துக் கொன்றார்கள். அரசுக் கணக்கில் எட்டுப் பேர். வழக்கு நடந்தது. எல்லோரும் விடுதலை.

இதைக் கையேட்டில் ஒரு பத்தி எழுதியிருந்தேன். வியாழக்கிழமையே காக்கா படித்துவிட்டுக் கூப்பிட்டார்.

“நல்லாத்தான் எழுதிருக்கீங்க தம்பி. ஆனா அந்த வெட்டுக்குத்த எடுத்துருங்க. லீவுல போறவன் மய்யித்தப் பாக்கவா போறான்?” பிணத்தை அவர் மய்யித்து என்றுதான் சொல்வார்.

வெள்ளிக்கிழமை காலை அந்தப் பத்தியை எடுத்துக்கொண்டிருந்தபோது கீழே சத்தம் கேட்டது. பால்கனிக்குப் போனேன்.

சட்டை கூலரின் தலையில் விரித்துக் கிடந்தது. கேம்ப்பின் அடுத்த பிளாக்கிலிருந்து ஒருவர் காலி கேனோடு வந்து நின்றார். இது குடிக்கிற தண்ணீர் பாய் என்று அவர் இந்தியில் சொன்னது எனக்கே கேட்டது. மேசன் என்ன பதில் சொன்னார் என்று கேட்கவில்லை. சிரித்தார், அது தெரிந்தது. கேன்காரர் சட்டையை எடுத்து மண்ணில் வீசினார். மேசன் அவரை இரண்டு கையாலும் தள்ளினார். அவர் பின்னால் போய் நடைபாதை ஓரத்தில் விழுந்து அசையாமல் கிடந்தார்.

பிளாக்கை நோக்கி ஒருவன் ஓடினான். கலாஸ், ஆள் கலாஸ் என்று கத்திக்கொண்டே ஓடினான். முடிந்தது, ஆள் போய்விட்டான். ‘போய்விட்ட’ கேன்காரர் அதற்குள் எழுந்து உட்கார்ந்து முழங்கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கூலரில் தண்ணீர் பிடித்துக் குடிக்கவும் செய்தார். அதைப் பிளாக்குக்குள் இருந்தவர்கள் பார்க்கவில்லை. சாரத்துக்குக் கட்டும் இரும்புப் பைப்புகளோடு அவர்கள் வெளியே வந்தபோது, செத்ததாகச் சொல்லப்பட்டவர் குறுக்கே நின்று கையை விரித்துத் தடுத்தார். அவருக்கும் தோளில் ஒன்று விழுந்தது.

மேசனின் ரூம்காரர்கள் செங்கல்லோடு வந்தார்கள். பைப் எலும்பில் படும் சத்தமும் கூலரின் தகட்டில் படும் சத்தமும் வேறு வேறு. மேலே இருந்து இரண்டையும் பிரித்துக் கேட்க முடிந்தது. ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார், விரல் இடுக்கில் ரத்தம் வந்தது. ஒருவரைக் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் மிதித்தார்கள். மேசன் குனிந்து மண்ணில் கிடந்த சட்டையை எடுத்தார். அப்போதுதான் பின்னாலிருந்து பைப் விழுந்தது, இடது காதுக்கு மேலே. முழங்காலில் நின்று, சட்டையை விடாமல், மெல்ல முன்னால் சாய்ந்தார்.

போலீஸுக்கு அடித்தேன். மணி போய்க்கொண்டிருந்தபோதே, கேம்ப்பைக் கவனிக்கும் கேம்ப் பாஸின் வண்டி வந்து நின்றது. பைப்புகள் கீழே விழுந்தன. அவர் அண்ணாந்து, பால்கனிகளில் போனோடு நின்ற எங்கள் எல்லோரையும் பார்த்து, இரண்டு கையையும் வேண்டாம் என்று ஆட்டினார். துண்டித்தேன். வாட்ச்மேன் கேட்டைச் சாத்தினான். ஜும்மாவுக்கு முன்னால் வாசலைக் கழுவிவிட்டார்கள். தண்ணீர் லாரி வந்திருந்தது.

மதியம் கீழே இறங்கிப் போனேன். மேசன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். காயத்தில் காபிப் பொடியை வைத்து அழுத்தி, துணி கட்டி, மேலே ஒரு தொப்பியை மாட்டியிருந்தார்கள். காபிப் பொடி ரத்தத்தை நிறுத்தும். வெளியே வருவதைத்தான் நிறுத்தும். வெள்ளைச் சட்டையை மறுபடி துவைத்து, தேய்த்து, போட்டும் விட்டிருந்தார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். அவருடைய ரூம்காரர், அதே ஊர்க்காரர், முறையில் மச்சான், பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டே பதில் சொன்னார்.

“அங்க போனா எப்படி அடிபட்டுச்சுன்னு கேப்பான் சார். போலீஸ் வரும், கேஸாகும். கேஸுன்னா பாஸ்போர்ட்டு மாட்டிக்கிரும். அப்புறம் ஞாயித்துக்கெழம யாரு போயி பால் காய்ச்சுறது?”

பாத்ரூமில் வழுக்கி விழுந்ததாகச் சொல்வது என்று முடிவாகியிருந்தது. மேசனை இரண்டு முறை சொல்லிப் பார்க்க வைத்தார் மச்சான். முதல் தடவை படியில் விழுந்தேன் என்று மாற்றிச் சொன்னார். அறையில் எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

காரில் ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்துக்கொண்டார். இந்த வருடம் ஆட்களை எங்கே அனுப்புகிறீர்கள் என்று கேட்டார். பிரான்ஸில் ரோஜா நிறத்தில் ஒரு உப்பளம் இருக்கிறது, அங்கே என்றேன்.

“உப்பப் பாக்கவா சார் பிளேன் ஏறிப் போறாங்க? எங்க ஊருப் பக்கம் வரச் சொல்லுங்க. நான் சும்மாவே காட்டுறேன்.”

பிறகு, வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்றார். பிறகு, எங்கே போகிறோம் என்று கேட்டார். ஏர்போர்ட்டுக்கு என்று மச்சான் சொன்னார். சரி என்றார். சிறிது தூரம் போய் அதையே மறுபடி கேட்டார். வண்டியை ஆஸ்பத்திரிக்குத் திருப்புகிறேன் என்றேன். பின் சீட்டிலிருந்து மச்சான் என் தோளைப் பிடித்தார்.

“ஊர்ல போயிப் பாத்துக்கிறலாம் சார். நாலு மணி நேரந்தான.”

கவுண்டரில் பெட்டியை எடை போட்டு உள்ளே தள்ளிவிட்டார்கள். போர்டிங் பாஸை நீட்டிய பெண், தொப்பியைக் கழற்றி கேமராவைப் பார்க்கச் சொன்னாள். அவருக்குப் புரியவில்லை. மச்சான் வரிசைக் கயிற்றுக்கு இந்தப் பக்கத்திலிருந்து சைகை காட்டினார். தொப்பியின் ஓரத்திலிருந்து பழுப்பாக ஒரு கோடு இறங்கி, காதைச் சுற்றி, வெள்ளைக் காலரில் சேர்ந்தது. காபியும் ரத்தமும். அவர் கையை உயர்த்தி அதைத் துடைக்கப் பார்த்தார். கை பாதியில் நின்றது. வாந்தி எடுத்தபடியே கவுண்டரில் முகம் மோத விழுந்தார். உடம்பின் ஒரு பக்கம் வெட்டி வெட்டி இழுத்தது. பெண் பின்னால் நகர்ந்து யாரையோ கூப்பிட்டாள்.

ஏற்றிய பெட்டியை இறக்குவதற்காக விமானம் தாமதமாகக் கிளம்பியது.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்தபோது மண்டை ஓட்டுக்குள் ரத்தம் கட்டியிருந்தது. காலையிலேயே கொண்டுவந்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்து, மச்சானின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். திறந்து பார்த்தார்கள். அதற்குள் போலீஸ் வந்து என்னிடமும் கேட்டது. பார்த்ததைப் பார்த்த வரிசையில் சொன்னேன். பைப்பைப் பிடித்திருந்த கையை அடையாளம் காட்ட முடியுமா என்றார்கள். நான்காவது மாடியிலிருந்து எல்லாத் தலையும் ஒன்று போலத்தான் இருந்தது என்றேன்.

சனிக்கிழமை மத்தியானம் அவர் இறந்துபோனார்.

மச்சான் வராந்தாவில் நின்று ஊருக்குப் பேசினார். மேசனின் மனைவியிடம், டிக்கெட்டில் ஏதோ கோளாறு, ஆள் அடுத்த விமானத்தில் வருவார், நேரத்தைத் தள்ள வேண்டாம், குறித்த நேரத்தில் நடக்கட்டும் என்று சொன்னார். அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள் என்று கேட்கவில்லை. பேசி முடித்து, போனைச் சட்டைப்பையில் போட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

அன்று சாயங்காலம் காக்கா கையேட்டை அச்சுக்கு அனுப்பினார். அட்டையில் ரோஜா நிற உப்பளம்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு அந்த வீட்டில் பால் காய்ச்சினார்கள். பால் கிழக்குப் பக்கம் பொங்கியது.