பத்தாவது கேள்வி

யாரிடமாவது ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டால் டீச்சரின் வலது கை முதுகுக்குப் பின்னால் போய்விடுகிறது. முதலில் கட்டைவிரல் மடங்குகிறது, பிறகு ஆள்காட்டி விரல். ஒரு விரலுக்கு ஐந்து நொடி. மருந்துக் கடையில் "இதைச் சாப்பாட்டுக்கு முன்னாடி போடணுமா, பின்னாடியா?" என்று கேட்டாலும் இதே கணக்குதான். கடைக்காரர் தலையைச் சொறிவதற்குள் வரிசையில் முணுமுணுப்பு எழுகிறது. "பொறுங்க, யோசிக்கிறாருல்ல," என்கிறார் டீச்சர், வரிசையைத் திரும்பிப் பார்த்து. பள்ளியில் இவருக்குப் பெயரே 'பொறுங்க டீச்சர்'.

சிறப்புக் குழந்தைகளுக்கான பள்ளி அது. இருபத்திரண்டு வருடங்களாக அங்கே ஆசிரியை. வயது நாற்பத்தெட்டு. வகுப்பில் எட்டு நாற்காலிகள், எட்டும் எட்டு உயரம். இழுத்தால் கிறீச்சிடாமல் இருக்க ஒவ்வொரு காலிலும் ஒரு பழைய டென்னிஸ் பந்து. சுவரில் கடிகாரம் கிடையாது. "டிக் டிக்னு கேட்டா ஒருத்தனுக்கு ஆகாது. அதனால என் விரல்தான் கடிகாரம்."

இந்த விரல் கணக்கு நான்கு வருடம் முன்பு இவரிடம் இல்லை. அப்போது கையில் ஸ்டாப்வாட்ச் இருந்தது. மதிப்பீட்டுப் படிவத்தில் பத்துக் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் பத்து நொடி. அதற்குள் வாய் திறக்காவிட்டால் 'பதில் இல்லை' என்று குறித்துவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். ஆறு பதில்கள் சரியாக இருந்தால் வகுப்பு. குறைந்தால் பராமரிப்புப் பிரிவு. அங்கே சாப்பாடு உண்டு, தூக்கம் உண்டு, டிவி உண்டு. புத்தகம் கிடையாது.

ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி அப்படித்தான் அந்தப் பிரிவுக்குப் போனாள். அவளுடைய தாளை இவர் பதிவேட்டில் ஏற்றிக்கொண்டிருந்தார். வரி தவறாமல் இருக்க அடியில் ஸ்கேல். மழை வந்தால் எதை எடுத்துப் போவோம்? பதில் இல்லை. பறவைக்கு எத்தனை கால்? 'குடை', தவறு. பால் என்ன நிறம்? 'ரெண்டு', தவறு. தலை வார எது வேண்டும்? 'வெள்ளை', தவறு. ஸ்கேல் நழுவி ஒரு வரி கீழே இறங்கியது. இவர் ஸ்கேலை அங்கேயே விட்டுவிட்டு மறுபடி படித்தார். மேல் வரியின் கேள்விக்குக் கீழ் வரியில் பதில் இருந்தது. ஒன்றுகூடத் தப்பில்லை. அந்தப் பிள்ளைக்கு ஒரு பதில் வாய்க்கு வர இருபது நொடி ஆகிறது. அதற்குள் இவர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டிருக்கிறார்.

பழைய தாள்களைத் தோண்டினார். இன்னும் எட்டுப் பிள்ளைகள் அதே மாதிரி. "எல்லாம் என் கையெழுத்து. வேற யாரையாவது திட்டலாம்னு பாத்தேன். ஆளே கிடைக்கல."

ஆனால் இவரை உலுக்கியது பத்தாவது கேள்வி. 'உனக்கு என்ன பிடிக்கும்?' அதற்கான பதில் ஒன்பது தாள்களில் எதிலும் இல்லை. அதற்கடுத்த கேள்வி இல்லையே! ஸ்டாப்வாட்சை நிறுத்தி, படிவத்தை மடித்து, எழுந்து போயிருப்பார். பதில் வந்த நேரத்தில் எதிர் நாற்காலி காலியாக இருந்திருக்கும்.

படிவத்தை அனுப்பும் அலுவலகத்துக்கு ஓடினார். அதிகாரி தாள்களைப் புரட்டிவிட்டுச் சிரித்தார். "இந்தப் படிவத்தைப் போட்டவங்க எல்லாம் டாக்டர் பட்டம் வாங்கினவங்கம்மா. நீங்களும் ஒண்ணு வாங்கிட்டு வந்து மாத்தச் சொல்லுங்க."

அவர் வேடிக்கையாகச் சொன்னது. இவர் முகவரியாக எடுத்துக்கொண்டார். "வழி சொல்லிட்டாரு. போக வேண்டியதுதானே?"

பி.எச்டிக்கு விண்ணப்பம் போட்டதும் வீட்டில் கேலிக்குப் பஞ்சமில்லை. கல்லூரிக்குப் போகும் மகள், "அம்மா, ஒரே பஸ்ஸா? ரெண்டு சீட்டு தள்ளி உக்காரு," என்றாள். கணவர் லிஃப்ட் மெக்கானிக். "காய்ச்சல்னா ஒரு மாத்திரை எழுதித் தரத் துப்பில்லாத டாக்டரம்மா!" என்று ஒரு வாரம் ஓட்டினார். விஷயத்தை முழுதாகக் கேட்ட அன்று ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டார். "ஏம்மா, ஆஸ்பத்திரியில நான் மாட்டுற லிஃப்ட் கதவே இருபது செகண்ட் தொறந்து நிக்கும். பிள்ளைங்களுக்கு உங்காளுங்க பத்துலயே மூடிட்டீங்களா?" ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் இந்தக் கேள்வியைச் சேர்க்க ஆய்வு வழிகாட்டி சம்மதிக்கவில்லையாம். டீச்சருக்கு இன்னும் அந்த வருத்தம் போகவில்லை.

முனைவர் படிப்புக்கான நேர்காணல் பற்றி அங்கிருந்த பேராசிரியர் ஒருவரே சொன்னார். "இந்த வயசுல எதுக்கும்மா பி.எச்டி?" என்று குழுத் தலைவர் கேட்டிருக்கிறார். இவர் வாய் திறக்கவில்லை. குழுவினர் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒருவர் இருமினார். "பரவாயில்ல, அடுத்த கேள்வி..." என்று தலைவர் தொடங்கியபோதுதான் இவர் பேசினார்.

"எட்டு செகண்டுதான் சார் ஆச்சு. அதுக்குள்ள நான் பதில் தெரியாதவளாயிட்டேன். அதுக்குத்தான் சார் பி.எச்டி."

தலைவர் அடுத்த கேள்வியை விட்டுவிட்டுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டார் என்றார் பேராசிரியர்.

மூன்று வருடம், தினமும் பள்ளி முடிந்ததும் பஸ் பிடித்து, நூற்று நாற்பது பிள்ளைகளின் பதில்களை நொடிக் கணக்கில் பதிவு செய்தார். அந்தச் சிறுமியைப் பராமரிப்புப் பிரிவிலிருந்து தினமும் ஒரு மணி நேரம் தன் அறைக்கு அழைத்து வந்தார். ஆய்வேடு போன மாதம் தேர்வாளர்களிடம் போயிற்று. முடிவு வரும்வரை பொறுக்காமல் அலுவலகத்தோடு மல்லுக்கட்டி ஓர் அனுமதி வாங்கிவிட்டார்: அந்தச் சிறுமிக்கு மட்டும், ஒரே ஒரு முறை, ஸ்டாப்வாட்ச் இல்லாமல் மறுமதிப்பீடு.

அதே அதிகாரிதான் வந்தார். சிறுமிக்கு இப்போது பதின்மூன்று வயது. கேள்விகளை டீச்சர் கேட்க, அவர் குறித்துக்கொண்டார். மழைக்குக் குடை வர நான்கு விரல்கள். பறவைக்கு ரெண்டு கால் வர மூன்றரை. ஆறாவது 'சரி' விழுந்ததும் அதிகாரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வகுப்பு உறுதியாகிவிட்டது. ஒன்பதாவதும் சரி.

"போதுமேம்மா, பாஸ்தான்," என்று பேனாவை மூடப் போனார்.

"பொறுங்க சார். ஒண்ணு பாக்கி இருக்கு."

நாற்காலியை இன்னும் அரை அடி முன்னால் இழுத்துக்கொண்டார். "உனக்கு என்ன பிடிக்கும்மா?"

சிறுமி ஜன்னலைப் பார்த்தாள். டீச்சரின் முதுகுக்குப் பின்னால் கட்டைவிரல் மடங்கியது. ஆள்காட்டி விரல். நடுவிரல். மோதிர விரல். சிறுமியின் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. சுண்டுவிரலும் மடங்கிற்று. அதிகாரியின் பேனா திறந்தே இருந்தது.

டீச்சர் விரல்களை விரித்து, மறுபடி கட்டைவிரலிலிருந்து தொடங்கினார்.