இரண்டாவது படத்தில் இல்லாத பார்ஜ்

செயற்கைக்கோள் படங்களில் தூர்வாரும் கப்பல்களையும் மணல் ஏற்றும் தட்டைப் படகுகளான பார்ஜ்களையும் தேடி, கணினி அடையாளம் கற்றுக்கொள்வதற்காக அவற்றைச் சுற்றிக் கட்டம் போடுவது என் வேலை. புத்தூர் வீட்டிலிருந்தே செய்கிறேன்.

இன்று காலை பக்கத்து வீட்டு கஸ்தூரி அக்கா வந்தார். அவர் கணவருக்குப் பார்ஜில்தான் வேலை. அந்தப் பக்கம் அடித்த புயலுக்குப் பிறகு அவரிடமிருந்து போன் வரவில்லை.

"நீ கப்பலெல்லாம் பாத்துக்கினு கீறியாமே. அவரு பார்ஜைக் காட்டும்மா."

துறைமுகத்தின் பெயரைச் சொன்னார். தேடினேன். புயலுக்கு முந்தைய படத்தில் தூர்வாரும் கப்பலும், அதை ஒட்டி ஒரே ஒரு பார்ஜும். பிந்தைய படத்தில் கப்பல் மட்டும்.

முதல் படத்தை மட்டும் காட்டினேன்.

திரையைத் தொட்டுப் பார்த்தார். "அப்பாடா, நல்லாத்தான் கீறாரு. நாளைக்கும் வந்து பாக்குறேம்மா."

நாளை எந்தப் படத்தைக் காட்டட்டும்? சொல்லுங்கள்.