உப்புப் போட்ட சாறும் ஊளையிட்ட மின்தூக்கியும்

எண்பதுகளின் கடைசியில், குவீன்ஸ்டவுனில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் மின்தூக்கிக்கு மூக்கு முளைத்தது. உள்ளே யாராவது சிறுநீர் கழித்தால் தரையடியிலிருக்கும் கருவி கண்டுபிடித்துவிடும். கதவு பூட்டிக்கொள்ளும், சங்கு ஊளையிடும். பழுதுபார்ப்பவர் வந்து திறக்கும்வரை உள்ளே இருப்பவர் உள்ளேதான். எதை வைத்து முடிவுகட்டியது என்று மட்டும் மூச்சுவிடாது.

அக்காவுக்கு நிச்சயம் பேச மாப்பிள்ளை வீட்டார் வந்த ஞாயிறன்று அது அப்பாவைப் பிடித்தது.

வீட்டில் இடம் போதாது என்று புளோக்கின் கீழ்த்தளத்தில் நாற்காலி போட்டிருந்தோம். தேக்காச் சந்தை எலுமிச்சையைப் பிழிந்து, எங்கள் வீட்டு வழக்கப்படி சர்க்கரையோடு உப்பும் தாராளமாகப் போட்டு, பெரிய ஜாடியில் அப்பா மேலே வீட்டிலிருந்து தூக்கிவந்தார். கீழே வந்து நிற்கும்போது மின்தூக்கி ஒரு குலுக்கு குலுக்கியது. சாறு வேட்டியிலும் தரையிலும் கொட்டியது. சங்கு அலறியது.

மின்தூக்கி வாசலில் கூட்டம். பெரியவருக்கு அவசரம் போலிருக்கிறது என்று யாரோ முணுமுணுத்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா கிளம்புகிறவர்போல் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அதைப் பார்த்த என் அம்மாவின் முகம் செத்துவிட்டது.

ஒருவழியாகப் பழுதுபார்ப்பவர் வந்து கதவைத் திறந்தார். வேட்டி முன்பக்கம் மஞ்சளாய் நனைந்திருக்க, எலுமிச்சைச் சாறு என்றார் அப்பா. யாரும் மறுக்கவில்லை, நம்பவும் இல்லை. அதுதான் வம்பு.

ஈரத்தில் உப்பிருந்தால் போதும், அது கத்தும். எங்கிருந்து வந்த உப்பு என்றெல்லாம் அதற்குத் தெரியாது என்று பழுதுபார்ப்பவர் மலாய் மொழியில் சொன்னார். அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டு மலாயிலேயே கேட்டார்.

"அத இவங்க கண்ணால பாக்கணும். இன்னொரு தடவ போட்டுக் காட்டுங்க லா."

தரையைத் துடைத்தார்கள். முதலில் வெறும் தண்ணீர் ஊற்றினார் அப்பா. மின்தூக்கி சாதுவாக நின்றது. மறுபடி துடைத்தார்கள். பாதிச் சாறு மிச்சமிருந்த ஜாடியைக் கையில் எடுத்து, எல்லாரும் பார்க்க இரண்டடி பின்னால் வந்து நின்றார்.

"நான் வெளியதான் நிக்கிறேன், பாத்துக்குங்க."

எட்டிச் சாற்றை ஊற்றினார். கதவு படாரென்று மூடிக்கொண்டது. ஆளில்லாத பெட்டி புளோக்கே அதிர ஊளையிட்டது. அத்தனை அழகான ஊளையை நான் அதற்குமுன் கேட்டதில்லை.

மாப்பிள்ளையின் அப்பா, அதுவரை சார் சார் என்றே பேசிக்கொண்டிருந்தவர், ஜாடியை வாங்கி ஒரு குவளை ஊற்றிக் குடித்துப் பார்த்தார்.

"மெஷின் மேல தப்பில்ல. உப்பு கொஞ்சம் தூக்கல்தான், சம்பந்தி."

தாம்பூலத் தட்டை எடுத்துவர அம்மா மேலே ஓடினாள். மின்தூக்கி இன்னும் பூட்டித்தான் கிடந்தது. ஒன்பது மாடியும் படிக்கட்டில்.