தக்காளிக் கிண்ணத்தின் அடியில்

1985 என்று நினைக்கிறேன். நானும் கணவரும் அப்போது இந்தக் குளிர் நாட்டுக்கு அகதிகளாய் வந்து, வோபர்ன் என்ற இடத்தில், பதினோராம் மாடியில் ஓர் அப்பார்ட்மென்றில் இருந்தோம். கலவரத்தில் கொழும்பில் எங்கள் வீடு எரிந்தபோது ஒரு கரண்டிகூட மிஞ்சவில்லை. சனிக்கிழமைகளில் ஸ்ரௌவ்வில் என்ற ஊரிலுள்ள பழைய சாமான் சந்தைக்குப் போவோம். அவர் ஆணி, சுத்தியல் பார்ப்பார். நான் பீங்கான் பார்ப்பேன்.

அமெரிக்காவில் ஒரு காலத்தில் விருந்தாளிகளைச் சிரிக்கவைக்கச் செய்த பரிமாறும் பாத்திரங்களில்தான் எனக்கு ஆசை. முட்டைக்கோஸ் என்கிற கோவா போலச் சூப்புச் சட்டி, சோளப்பொத்தி போல நீளக் கோப்பை, வாலைத் தூக்கிய மீன் தட்டு. எல்லாவற்றையும் ஒரே வியாபாரியிடம் வாங்கிக் கண்ணாடி அலுமாரியில் அடுக்கினேன். எங்களிடம் விருந்துக்கு வர ஆட்கள் இல்லை.

ஒருநாள் சோளக் கோப்பையைக் கழுவும்போது அடியில் கையில் ஏதோ தட்டுப்பட்டது. காயத்துக்கு ஒட்டும் வெள்ளைப் பிளாஸ்ரர். அதில் நடுங்கிய ஆங்கில எழுத்தில், 'இது நிஜமில்லை.' மீனைப் புரட்டினேன். கோவாவையும் புரட்டினேன். அதே எழுத்து, அதே வார்த்தை.

"உது ஆரோ செத்த மனிசியின்ர சாமான். இனி வீட்டுக்கை கொண்டு வராதையும்" என்றார் கணவர்.

"செத்ததெண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

கேட்டேனே தவிர, எனக்கும் பயம்தான். சமைக்கும்போது அலுமாரி முதுகுக்குப் பின்னால் இருக்கும். கையிலிருக்கும் கத்தரிக்காயை நிஜம்தானா என்று ஒருமுறை அழுத்திப் பார்ப்பேன். கொழும்பு வீட்டின் கதவு நிறத்தை நினைவுபடுத்த முயன்றால், அப்படி ஒரு வீடு இருந்ததா என்றே சந்தேகம் வரும்.

பனி தொடங்கிய ஒரு சனிக்கிழமை, அந்த வியாபாரியிடம் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் தக்காளி வடிவக் கிண்ணம் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். நான் வாங்கி உடனே புரட்டினேன். பிளாஸ்ரர். அவரிடமே கேட்டேன்.

"என் எழுத்துத்தான்," என்றார். "என் மனைவிக்கு எல்லாம் மறந்து போகிறது. சோளத்தைக் கடித்துப் பல் உடைந்துவிட்டது."

"ஏன் அடியில் ஒட்டினீர்கள்?"

"மேலே ஒட்டினால் அழகு கெடுகிறது என்று உரித்துவிடுகிறாள். அதுதான் ஒவ்வொன்றாகக் கொடுத்துவிடுகிறேன்."

அவருடைய கார் பக்கத்தில்தான் நின்றது. உள்ளே இருந்த அவர் மனைவி கண்ணாடியை இறக்கி, என் கையிலிருந்த தக்காளிக்குக் கை நீட்டினார். கொடுத்தேன். அதை மணந்து பார்த்தார். கட்டைவிரலால் அமத்திப் பார்த்தார்.

"இன்னும் பழுக்கவில்லை" என்று சொல்லித் திருப்பித் தந்தார்.

என் கணவர்தான் குனிந்து, தெரிந்த ஆங்கிலத்தில், "ஓம் அம்மா, இரண்டு நாள் போகட்டும்" என்றார். அந்த அம்மா திருப்தியாகத் தலையாட்டினார். கிழவர் எங்களைப் பார்க்காமல் காரை எடுத்தார்.

பிறகு அவர்களை நாங்கள் காணவில்லை. நான் ஒரு பிளாஸ்ரரையும் உரிக்கவில்லை. அலுமாரியைத் திறக்கும்போதெல்லாம் பக்கத்தில் யாரோ நின்று மணந்து பார்ப்பதுபோல இருக்கும். அந்தப் பயம் போகவே இல்லை. ஆனாலும் அடுத்த கிழமை மீன் தட்டில் மீன் பொரியலும் கோவாச் சட்டியில் தேங்காய்ப்பால் சொதியும் வைத்தேன். கணவர் தானே சொதியை அள்ளி விட்டுச் சாப்பிட்டார்.