பைப் துடைத்த நூல்

வேலம்பாளையத்துப் பனியன் கம்பெனியின் தகரக் கூரை கண்ணுக்கு மறைந்த பிறகுதான் பைக்குள் கையை விட்டேன். நடந்துகொண்டே துழாவினேன். வளைந்த பைப் இருந்தது. வாய்க்கட்டை விரிசல் விட்டு நூல் சுற்றிய பைப்பும் இருந்தது. குன்னூரில் வாங்கிய நேர் பைப்பைத்தான் காணவில்லை.

திரும்பிப் போய்க் கேட்கலாமா என்று நின்றேன். நெருப்பு வைத்தவன் என்று சந்தேகப்பட்டு அனுப்பிய வாசலில், என் பொருளைத் திருடிவிட்டீர்கள் என்று போய் நிற்பதா? மேற்கொண்டு நடந்தேன். பின்னால் சைக்கிள் மணி கேட்டபோதெல்லாம் ஓரம் ஒதுங்கி, வருவது யார் என்று பார்த்துக்கொண்டேன்.

அவை புகையிலை அடைத்துக் குடிக்கும் மரப் பைப்புகள். வெளிநாட்டுத் தொழிற்சாலைகளில் ஒரே மாதிரியாகக் கடைந்து தள்ளிய மலிவுச் சரக்கு. எஸ்டேட் துரைகள் விட்டுப்போனவை பழைய சாமான் கடைகளில் துருப்பிடித்த ஸ்பேனர்களுக்கு நடுவே கிடக்கும். எனக்கு எட்டியவற்றில் மரம் சொத்தையாக இருக்கும். தச்சர்கள் வைக்கிற மாதிரி மக்கு வைத்து அடைத்து, மேலே வார்னிஷ் பூசி மறைத்திருப்பார்கள். கொஞ்ச நாள் குடித்தால் சூட்டில் மக்கு வெளுத்துக் காட்டிக்கொடுத்துவிடும். எந்த இடத்தில் வெளுக்கப்போகிறது என்று பார்ப்பதற்காகவே சிலவற்றை வாங்கியிருக்கிறேன். டப்பாப் புகையிலைக்கு வழியில்லை. வெற்றிலைக் கடைப் புகையிலையை பிளேடால் மெலிதாக நறுக்கி, கருப்பட்டித் தண்ணீர் தெளித்து, நிழலில் உலர்த்திக்கொள்வேன்.

குடிக்கக் குடிக்கத் துளையில் கறுப்புக் கசடு கட்டும். துடைக்காவிட்டால் நாக்கில் கசப்பு இறங்கும். மற்ற ஊர்களில் கோழி இறகால் துடைத்தேன். பனியன் கம்பெனியில் மெஷினடியில் வேஸ்ட் நூல் விழுந்துகொண்டே இருந்தது. அதை முறுக்கித் துளையில் விட்டு இழுத்தால் போதும். அவ்வளவு வசதி எனக்கு எந்த ஊரிலும் வாய்த்ததில்லை.

அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் இருந்தது. உள்ளே போகிறவர்கள் பீடியையும் தீப்பெட்டியையும் வாசலில் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட வேண்டும். அவர் பிஸ்கட் தகரம் ஒன்றில் போட்டு வைத்து, வேலை விட்டதும் திருப்பித் தருவார். முதல் நாள் என் பைப்பை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதென்ன கண்ணு, நாயனத்துக்குப் பொறந்த குட்டியாட்ட இருக்குது?"

"புகை குடிக்கிறதுங்க. இப்ப உள்ளே ஒண்ணுமில்லை."

"ஒண்ணுமில்லீன்னா கொண்டுட்டுப் போ. தீப்பெட்டிய மட்டும் குடு."

அன்றிலிருந்து காலிப் பைப்பைப் பல்லில் கடித்தபடி நிட்டிங் மெஷின் ஓட்டினேன். முதலாளியின் மச்சினன் மட்டும் தகரத்தில் எதையும் போட்டதில்லை. சிகரெட் பாக்கெட் அவர் சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருக்கும். அவர் வரும்போது வாட்ச்மேன் ரோட்டைப் பார்ப்பார்.

என்னை அனுப்பிய அன்று சாப்பாட்டு நேரத்தில், வேஸ்ட் மூட்டைகள் அடுக்கிய கொட்டகையிலிருந்து புகை வந்தது. பெரிதாவதற்குள் தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டோம். நானும்தான் குடம் தூக்கினேன். நனைந்த பஞ்சின் நாற்றம் அடங்குவதற்குள் எல்லார் பார்வையும் என் வாய்க்கு வந்துவிட்டது. அங்கே எல்லாரும் பீடிக்காரர்கள். வாயில் பீடி இருந்தால் அது எரிகிறது. அணைந்த பீடியை யாரும் கடித்துக்கொண்டிருப்பதில்லை. அப்படியானால் பைப்பும் எரிந்துகொண்டுதானே இருந்திருக்கும்?

"காத்தால இருந்து வாயில வெச்சுட்டேதானுங்க இருந்தாரு" என்றாள் பனியன் மடிக்கும் அக்கா.

என் பையைத் தரையில் கொட்டினார்கள். பைப்புகள் உருண்டன. கூடவே, துடைத்து எறிய மறந்த நூல் முறுக்குகளும் கன்னங்கரேலென்று விழுந்தன.

"பாருங்க மச்சான், திரி திரிச்சு வெச்சிருக்கறான்!" என்று மச்சினன் கத்தினார்.

முதலாளி ஒரு முறுக்கைத் தூக்கிப் பார்த்தார். "போலீசுக்குச் சொல்லியுட்டர்லாமா?"

விலாசம் இல்லாதவனைப் போலீஸ் பிடித்தால் வெளியே எடுக்க ஆள் வராது. இதை வேறு ஊர்களில் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

தீப்பெட்டி வாட்ச்மேன் தகரத்தில் இருக்கிறது என்றால், இன்னொன்று ஒளித்து வைத்திருப்பாய் என்பார்கள். பேசிப் பயனில்லை. கீழே கிடந்த வெள்ளை நூலை எடுத்து முறுக்கினேன். வளைந்த பைப்பின் வாய்க்கட்டையைக் கழற்றி, துளையில் விட்டு மறுபக்கம் இழுத்தேன். கறுப்பாக வந்தது. இன்னொரு நூலை விட்டேன். அதுவும் கறுப்புத்தான். முதலாளி வாங்கி மோந்து பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"கருமம்! இதையா வாயில வெக்கறீங்க?"

"நாம காது கொடையறமாட்ட அதுக்குக் கொடைஞ்சு உடறாருங்க" என்றாள் அக்கா. எல்லாரும் சிரித்தார்கள்.

மச்சினன் சிரிக்கவில்லை. அவர் சட்டைப் பை தட்டையாக இருந்தது. சாப்பாட்டுக்கு முன் அதில் பாக்கெட் இருந்ததைப் பார்த்தேன். பார்த்ததாகத்தான் இன்றும் நினைக்கிறேன். அவர்கள் என் வாயில் நெருப்பைப் பார்த்த மாதிரி நானும் இல்லாததைப் பார்த்திருக்கலாம். சொல்ல வாயெடுத்தபோது, வாட்ச்மேன் வேண்டாம் என்று மெல்லத் தலையாட்டினார். என்னைக் காப்பாற்றவா, தன்னைக் காப்பாற்றிக்கொள்ளவா என்று விளங்கவில்லை.

"திரி இல்லீன்னு ஒத்துக்கறனுங்க. போலீசும் வேண்டாம்" என்றார் முதலாளி. "ஆனா உங்களப் பஞ்சுக்குப் பக்கத்துல வெச்சுட்டு எனக்குத் தூக்கம் வராதுங்க."

பைப்புகளைப் பொறுக்கிப் பையில் போட்டுக் கொடுத்தது வாட்ச்மேன். அவர் பக்கத்தில் நின்றது மச்சினன். நடக்க நடக்க அந்த இருவர் கைகளையும் மனதில் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்தேன். நேர் பைப் எந்தக் கையில் மறைந்தது என்று பிடிபடவில்லை.

பனியன் கம்பெனிக்காரர்கள் ஒருவருக்கொருவர் ஏதாவது ஒரு வழியில் உறவு. பொழுது சாய்வதற்குள் சேதி ஊரின் மறுகோடியில் இருக்கும் நல்லூர் வரை போயிருக்கும். இனிப் பஞ்சு இருக்கும் இடம் எதிலும் எனக்கு வேலை கிடையாது. அதனால் அவினாசி பக்கம் நடந்தேன். திருமுருகன்பூண்டியில் உளிச் சத்தம் கேட்டது. கல் எரியாது என்று தோன்றியது. அன்றைக்கு ஒரு டீக்கடை பெஞ்சில், பையைத் தலைக்கு வைத்துப் படுத்தேன்.

காலையில் சிலைக் கூடத்துக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பனியன் கம்பெனிய உட்டுப்போட்டு ஆராச்சும் கல்லுக்கு வருவாங்களா? என்ன பண்ணிப்போட்டு வந்தீங்க?"

"ஒண்ணும் பண்ணலீங்க."

"எல்லாரும் அதையேதான் சொல்றாங்க." என் வாயைக் காட்டினார். "அது எரியுதுங்களா?"

"காலிங்க."

அவர் அதை நம்பவில்லை. பைப்பை வாங்கி, புகையிலை அடைக்கும் குழிக்குள் விரலை விட்டுப் பார்த்தார். விரலில் ஒட்டிய கரியைக் கல்தூளில் தேய்த்துவிட்டு, கூடத்தின் மூலைக்குக் கூட்டிப்போனார். அங்கே ஒரு சின்ன உலை இருந்தது. மழுங்கின உளிகளை அதில் காய்ச்சித் தட்டிக் கூராக்குவார்களாம்.

"துருத்தி போட்டு நெருப்பப் பாத்துக்கோணும். இருந்த ஆளு போயிட்டான்."

"ஏங்க போயிட்டாரு?"

அவர் கரிக்கூடையை என் பக்கம் காலால் தள்ளினார். பையைக் கண்ணுக்குத் தெரிகிற ஆணியில் மாட்டிவிட்டு, உட்கார்ந்து துருத்தியைப் பிடித்தேன்.